இராமநாதபுரம் இராமலிங்க விலாசம்: சுவரோவியங்கள் உணர்த்தும் அரசுரிமை

முன்னுரை

மறவர் சீமையின் தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்திற்கு மாற்றிக் கோட்டையும் அரண்மனையும் எழுப்பியவர் கிழவன் சேதுபதி. அவ்வரண்மனையின் அரசவை மண்டபமே இராமலிங்க விலாசம். 1710இல் பட்டமேற்ற முத்து விஜய இரகுநாத சேதுபதியின் காலத்தில் இதன் சுவர்கள் ஓவியங்களால் நிரப்பப்பெற்றன. அவ்வோவியங்களை வெறும் அலங்காரமாகக் கொள்ளாது, அரசுரிமைக்கான சான்றாகக் கொண்டு நோக்குகிறது இக்கட்டுரை.

இருவகை உரிமை

மதுரை நாயக்கர் விஜயரங்க சொக்கநாதர் சேதுபதிக்கு மணிகளால் அபிடேகம் செய்யும் காட்சி ஓர் ஓவியத்தில் உள்ளது. மற்றொன்றில், குலதெய்வமான இராஜராஜேசுவரி சேதுபதிக்குச் செங்கோல் வழங்குகிறாள். முன்னது பழைய மேலாண்மை அரசு அளிக்கும் சிறப்பு. பின்னது எம்மேலாண்மையையும் வேண்டாத உரிமை. கிழவன் சேதுபதி காலத்திலேயே மதுரையின் பிடியினின்று விலகிய ஓர் அரசு, நாயக்கர் மரபின் மதிப்பைத் துறக்காமலே தன் உரிமையைத் தெய்வத்தின்பால் நிறுவிக்கொண்டதை இவ்விரண்டும் சேர்ந்து உணர்த்துகின்றன. கோயிலை ஒத்த மண்டப அமைப்பும் இக்கருத்திற்கு அரண் செய்கிறது. தஞ்சை மராத்தியருடனான போரும், ஐரோப்பியரைச் சேதுபதி வரவேற்கும் காட்சியும் அதே உரிமையின் புறவெளிப்பாடுகள். ஓவியங்களை அடுத்துத் தமிழில் எழுதப்பெற்ற விளக்கங்கள், காண்போர் அவற்றை எவ்வாறு பொருள்கொள்ள வேண்டும் என்பதை வரையறுக்கின்றன.

மாறிய அவை

1772இல் நவாபு முகமது அலியின் படையும் கும்பினிப் படையும் இணைந்து கோட்டையைக் கைப்பற்றின. இளம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதி சிறைப்பட்டார். பின்னர் ஆட்சியை மீளப்பெற்ற அவரைக் கும்பினி 1795இல் பதவி நீக்கியது. 1798 செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சி வீரபாண்டிய கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்தது இதே மண்டபத்தில்தான். சுவரில் ஐரோப்பியரை வரவேற்பவர் சேதுபதி; அன்று அவையில் பாளையக்காரரை விசாரித்தவர் ஐரோப்பியர். 1803இல் சீமை ஜமீனாக்கப்பெற்று மங்களேசுவரி நாச்சியாருக்கு அளிக்கப்பட்டது.

முடிவுரை

அரசுரிமை அழிந்த பின்னரும் அதன் வாக்குமூலம் சுவரில் எஞ்சியது. ஆதலின் இராமலிங்க விலாசத்தின் வரலாற்றைக் கட்டடக்கலை நோக்கில் மட்டும் எழுதுதல் நிறைவுடையதாகாது. ஓவியத்தையும் அதனை அடுத்த தமிழ் விளக்கத்தையும் ஒருசேரப் பதிப்பித்து ஆராய்தல் வேண்டும். வண்ணம் மங்கும்போது எழுத்தும் உடன் மறையுமாதலின், இப்பணி காலந்தாழ்த்தத் தக்கதன்று.