புதிய உயிர்களை வெளியில் விடுமுன் ஆராய வேண்டியவை

ஓர் உயிரினத்தைப் புதிதாக நிலத்தில் விட்டபின் மீட்டழைத்தல் இயலாது. ஆகவே பரீட்சை முன்னரே நிகழவேண்டும். தாமிரபரணிக் கால்வாய்களை அடைக்கும் அமலைச்செடி, பூவழகுக்காக அயல்நாட்டினின்று இந்தியாவிற்கு வந்ததே.

சப்பாத்திக்கள்ளியின் வரலாறு இதற்கு மாறானது. 1926-ல் இலங்கை வழியாகத் தென்னிந்தியாவிற்குக் கொணரப்பட்ட கொச்சினீல் பூச்சி, 5, 6 ஆண்டுகளில் சுமார் 1,00,000 ஏக்கர் கள்ளிக்காட்டை அழித்தது. அப்பூச்சிக்குக் கள்ளியினமன்றி வேறு உணவில்லை. ஆதலால் நெல்லுக்கும் பருத்திக்கும் தீங்கு நேரவில்லை.

மரபணு மாற்றிய பயிர் விஷயத்திலும் கீழ்க்கண்டவற்றை ஆராய்தல் அவசியமாம்.

(1) இனக்கலப்பு: 2002-ல் அனுமதி பெற்ற பி.டி. பருத்திக்குக் குரோமோசோம்கள் 52. நம் கரிசலின் கருங்கண்ணிக்கு 26. ஆகையால் இவை எளிதிற் கலவா. கத்தரிக்கோ உறவான காட்டுச்செடிகள் நம் நாட்டில் உண்டு.

(2) பிற உயிர்கள்: தேனீ, மண்புழு, கால்நடை ஆகியவற்றிற்குத் தீங்குண்டா என்பது.

(3) பூச்சியின் எதிர்ப்பு: இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி. நஞ்சைத் தாங்கும் வன்மை பெற்றுவிட்டது. வயலோரத்தில் சாதாரணப் பருத்தி விதைக்கும் விதியைப் பலர் கைவிட்டமையும் இதற்கொரு காரணமாம்.

சுயேச்சையான பரீட்சைகள் போதா என்பது முதலிய காரணங்களால் பி.டி. கத்தரி 2010 பிப்ரவரியில் நிறுத்திவைக்கப்பட்டது.

அனுமதியற்ற மரபணு மாற்றிய விதை சந்தைக்கு வரின், நிலச்சுவான்தார்கள் அதனை வாங்கலாகாது; அவ்விற்பனை 1989-ம் ஆண்டின் விதிகளுக்கு விரோதமாகும். கிராம உத்தியோகஸ்தர்கள் உடனே வேளாண்மை அலுவலருக்கு அறிவிப்பாராக. ஒருவர் விதைத்த பயிரின் மகரந்தம் அடுத்தவர் வயலையும் சேருமாதலால், நஷ்டம் விதைத்தவரோடு நில்லாது.