மணப்பாட்டு ஆட்டத்துக்கு மணல்வழி

மணப்பாட்டில் கால்பந்துப் போட்டி என்றால் பெரியதாழையிலிருந்து போகிறவர்கள் மூன்று வகை. பைக்கில் மூன்று பேராக நெருக்கிக்கொண்டு போகிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், "கடலோரமாவே நடந்துருவோம்லே" என்று திடீரென்று கிளம்புகிறவர்கள். இது மூன்றாவது வகைக்காக. அவர்களில் பாதிப்பேர் இடைவேளைக்குத்தான் மைதானத்துக்கு வந்து சேர்கிறார்கள். கோல் விழுகிற நேரத்தில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தூரம் பத்துக் கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். கெட்டி மணல் கிடைத்தால் இரண்டரை மணி நேரம் போதும். கிடைக்காவிட்டால் நாலு மணி நேரமும் ஆகலாம். அந்த ஒன்றரை மணி நேர வித்தியாசம் உங்கள் காலில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. அதனால் முதலில் பார்க்க வேண்டியது செருப்பையோ தண்ணீர் பாட்டிலையோ அல்ல, வத்தம், அதாவது கடல் இறங்கி நிற்கிற நேரம், எப்போது என்பதை.

நம் பக்கத்தில் ஏற்றத்துக்கும் வத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். குஜராத்துப் பக்கம் போல ஆள் உயரத்துக்கு மேல் ஏறி இறங்குகிற கடல் இல்லை இது. அதனால்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் சரிவான கரையில் தண்ணீர் அரை மீட்டர் ஏறினாலும் அலை நனைத்து இறுக்கிவைத்த அந்தப் பட்டை மணல் மறைந்துவிடும். மிச்சம் இருப்பது மேட்டுப் பொடிமணல். கால் புதையும் மணலில் நடக்கக் கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகிறது என்று பெல்ஜிய ஆய்வாளர்கள் 1998-இல் அளந்து எழுதியிருக்கிறார்கள். பத்துக் கிலோமீட்டர் பொடிமணல் என்பது இருபது கிலோமீட்டர் தார்ச்சாலைக்கு மேல். கிளம்பும்போது இதை யாரும் நம்புவதில்லை, மூன்றாவது கிலோமீட்டரில் நம்பிவிடுகிறார்கள்.

இப்போது கணக்கு. ஒரு வத்தத்துக்கும் அடுத்த வத்தத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். வத்தத்திலிருந்து ஏற்றத்துக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். நாளுக்கு நாள் எல்லாம் 50 நிமிடம் போலத் தள்ளிப் போகும். இந்த மூன்று எண்ணும் போதும்.

மாலை ஆட்டம் பார்க்க மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்புகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். வத்தம் 2.30-க்கு என்றால் அவருக்குப் போகிற வழி அருமையாக அமையும். ஆட்டம் முடிந்து, தோற்ற அணியின் கோல்கீப்பரைத் திட்டி முடித்து, டீ குடித்துவிட்டுக் கரைக்கு வரும்போது மணி ஏழரை. 8.45 வாக்கில் ஏற்றம். திரும்புகிற வழி முழுக்கப் பொடிமணல், இருட்டு வேறு. போகிறபோது இருந்த பாதை எங்கே போனது என்று திகைக்கிறவர்கள் எல்லோரும் இந்தக் கணக்கில்தான் மாட்டியவர்கள். மே மாத வெயிலில் ஒரு மணிக்குக் கரையில் இறங்குவதே முதல் தப்பு. நம் கரை மணலில் கருமணல் கலந்திருக்கிறது, அது கொதிக்கும்.

சரியான வழி காலை வத்தம். காலை 6.30-க்கு வத்தம் என்றால் மாலை வத்தம் ஏழு மணியை ஒட்டி வரும். ஐந்தரைக்குக் கிளம்பி எட்டு மணிக்கு மணப்பாடு. மாலை ஆறரைக்குத் திரும்பக் கிளம்பினாலும் கெட்டி மணல் காலடியில் இருக்கும். ஒரே நாளின் இரண்டு வத்தமும் ஒரே அளவாக இருக்காது, ஒன்று கொஞ்சம் மேலே நிற்கும். ஆனாலும் நடக்க இடம் இருக்கும். எனவே விதி இது: காலை வத்தத்தில் போனவர் இரண்டு வழியும் நடக்கலாம், பகல் வத்தத்தில் போனவர் திரும்பும்போது பஸ் ஏற வேண்டும். இதில் பேரம் கிடையாது.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வத்தம் நன்றாக இறங்கும், ஏற்றமும் நன்றாக ஏறும். அகலமான பாதை கிடைக்கும், ஆனால் நேரம் தப்பினால் ஒன்றுமே கிடைக்காது. அட்டமி நவமி பக்கம் இரண்டுக்கும் வித்தியாசம் குறைவு. பாதை குறுகலாக இருந்தாலும் நேரம் முன்னே பின்னே ஆனால் மன்னிக்கும். முதல் தடவை நடக்கிறவர்கள் அட்டமி பக்கத்து ஞாயிற்றுக்கிழமையைப் பிடியுங்கள். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே போதும்.

நேரத்தை எங்கே கேட்பது? ஐதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் நிறுவனம் கடல் நிலவரத்தை வெளியிடுகிறது, செல்போனில் பார்க்கலாம். நான் அதையும் பார்ப்பேன், முந்தின சாயங்காலம் வலை பொத்துகிற பெரியவர் ஒருவரிடம், "மாமா, நாளைக்கு வத்தம் எப்ப?" என்றும் கேட்பேன். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மாமா சொல்வதுதான். நேரத்தோடு சேர்த்து, எந்த இடத்தில் கரை அரித்துப் பள்ளம் விழுந்திருக்கிறது, எங்கே மேட்டில் ஏறிப் போக வேண்டும் என்பதையும் அவர் சொல்வார். அது எந்தச் செயலியிலும் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் இன்காய்ஸ் சொல்வதே கடைசிச் சொல்: கள்ளக்கடல். இங்கே காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். இந்தியப் பெருங்கடலின் தெற்குக் கோடியில் எங்கோ வீசிய புயலின் அலை நாட்கணக்கில் பயணம் செய்து வந்து நம் கரையில் ஏறும். கோடையில்தான் இது அதிகம், அதாவது சரியாக நம் போட்டிக் காலத்தில். 2024 மே 6-இல் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போனது. எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது. அந்த எச்சரிக்கை இருக்கிற நாளில் கரைவழி வேண்டாம். அரையிறுதியாக இருந்தாலும் சாலைதான்.

தண்ணீர் முடிந்தது. அடுத்தது சரிவு. இதில் கால்பந்து ஆடுகிறவர்களே ஏமாறுகிறார்கள்.

பெரியதாழையிலிருந்து மணப்பாட்டுக்குப் போகும்போது கடல் வலது கைப் பக்கம். கரை கடலை நோக்கிச் சரிகிறது. ஆக ஒவ்வோர் அடியிலும் வலது கால் தாழ, இடது கால் உயர நடக்கிறீர்கள். இரண்டரை மணி நேரம் இப்படி நடந்தால் முழங்காலின் வெளிப்பக்கத்தில் ஒரு குத்து, இடுப்பில் ஒரு பிடிப்பு. "நேத்து ஆடும்போது அடிபட்டுருச்சு" என்பார்கள். அடியும் இல்லை ஒன்றும் இல்லை, சரிவுதான். அலை நுரை கடைசியாக வந்து நிற்கிற கோட்டை ஒட்டி நடங்கள். அங்கே ஈரமும் உண்டு, சரிவும் குறைவு. கால் மணிக்கு ஒரு தடவை சமதளமான மேட்டில் ஏறி நூறடி நடந்துவிட்டு இறங்குங்கள். நடந்தே திரும்புகிறவர்களுக்கு வேறு சிகிச்சை வேண்டாம். வரும்போது கடல் இடப்பக்கம், உடம்பு தானாகச் சமன் செய்துகொள்ளும்.

அடியைச் சின்னதாக வையுங்கள். நீளமாக எட்டிவைத்தால் முன்னங்காலால் மணலைத் தோண்டித் தள்ள வேண்டியிருக்கும், கெண்டைக்கால் முதலில் போகும். குதிகாலைக் குத்தாமல் பாதத்தை முழுதாகப் பதித்து எடுத்தால் போதும்.

வெறுங்காலா, செருப்பா? ஊர் ஓரத்தில் செருப்பு. தூண்டில் முள், வலைத் துண்டு, கண்ணாடிச் சில்லு எல்லாம் வீடுகளுக்குப் பக்கத்தில்தான் கிடக்கும். ஆளில்லாத கரைக்கு வந்தபிறகு வெறுங்கால். ரப்பர் செருப்பு வேண்டாம். ஈர மணல் வாருக்கு அடியில் புகுந்து, பெருவிரல் இடுக்கைத் தேய்த்தே கொப்புளம் ஆக்கிவிடும். பின்வார் வைத்த செருப்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். விரல் இடுக்குகளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு கிளம்பினால் கொப்புளம் அவ்வளவாக வராது. மைதானத்தில் ஒரு காட்சி ஆட்டம் ஆடுகிற எண்ணம் இருந்தால் பூட்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள், காலில் அல்ல. முள் வைத்த பூட்ஸோடு கரையில் நடக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது.

பெரியதாழையில் தூண்டில் வளைவின் கற்கள் மேல் ஏறிக் குறுக்குவழி தேடாதீர்கள். பாசி பிடித்த கல்லில் வழுக்கினால் கணுக்கால்தான் போகும். ஊருக்குள் சுற்றி வந்து மணலில் இறங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை யாரும் தொழிலுக்குப் போவதில்லை என்பதால் வள்ளங்கள் எல்லாம் கரையில் ஏறி நிற்கும். விடியும் முன் மங்கலில் கயிறு தட்டிவிடும். மீன்பிடித் தடைக்காலம்தானே, கரை காலியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுகளுக்கு இல்லை.

நடக்க நடக்க மணப்பாட்டுத் திருச்சிலுவைக் கோயில் முன்னால் தெரியத் தொடங்கும். அதற்கப்புறமும் வெகுநேரம் அது கிட்டத்தில் வராது. கோயிலைப் பார்த்துவிட்டு மிச்சத் தண்ணீரைக் குடித்து முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நடுவில் கடையும் கிடையாது, நிழலும் கிடையாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர், ஒரு துண்டு உடன்குடிக் கருப்பட்டி, தலைக்குத் துண்டு. வேறு எதுவும் வேண்டாம். தனியாகப் போகாதீர்கள். மழைக்காலத்தில் கருமேனியாறு கடலைச் சேரும் மணப்பாட்டுக் கழிப் பக்கத்து மணலையும் நம்ப வேண்டாம். நேற்று இருந்த திட்டு இன்று இருக்காது.

காற்றும் ஒரு கணக்கு. ஜூன், ஜூலையில் கச்சான் அடிக்கும்போது போகிற வழியில் முதுகில் தள்ளிவிடும், சுகமாக இருக்கும். திரும்பும்போது அதே காற்று மணலை வாரி முகத்தில் அறையும். அந்த மாதங்களில் திரும்ப பஸ்.

எட்டு மணிக்கே போய் மாலை வரை என்ன செய்வது என்கிறவர்களுக்கு: காலைப் பூசை, அப்புறம் 1542-இல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை, யாராவது சொந்தக்காரர் வீட்டில் சாப்பாடு, தூக்கம். பெரியதாழைக்காரருக்கு மணப்பாட்டில் சொந்தக்காரர் இல்லாமல் இருக்காது.

முந்தின இரவு பற்றியும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை இரவு ஸ்பெயின் ஆட்டம் அங்கே 9 மணிக்கு என்றால் நமக்குக் கோடையில் 12.30, குளிர்காலத்தில் 1.30. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் ஐரோப்பாவில் கடிகாரத்தை மாற்றுவதால் வருகிற வித்தியாசம் இது. அதைப் பார்த்துவிட்டு ஐந்தரைக்கு மணலில் இறங்குகிறவர் மாலை ஆட்டத்தில் தூங்குவார். இங்கிலாந்தில் மாலை 5.30 ஆட்டம் நமக்குக் கோடையில் 10 மணிக்குத் தொடங்கி நள்ளிரவுக்குள் முடிந்துவிடும். அதோடு டிவியை அணையுங்கள். மறுநாள் நேரில் பார்க்கப் போகிற ஆட்டம்தான் பெரிது.

பயிற்சி: மூன்று வாரம், வாரத்துக்கு இரண்டு நாள், ஈர மணலில் மூன்று கிலோமீட்டரில் தொடங்கி ஏழு வரை. வாசற்படியில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது, தினம் இருபது. தினமும் பந்தாடுகிறவருக்கும் இது வேண்டும். ஓடிப் பழகிய கால் வேறு, மணலில் இரண்டரை மணி நேரம் நிதானமாக நடக்கிற கால் வேறு.

மைதானத்துக்கு வந்ததும் தொப்பென்று உட்காராதீர்கள். பத்து நிமிடம் நின்றபடியே இருங்கள், உப்புப் போட்ட மோர் கிடைத்தால் குடியுங்கள், பிறகு உட்காருங்கள். கூட்டத்தில் எப்படியும் நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கும்.

பஸ்ஸில் திரும்புகிறவர்கள் திருச்செந்தூரிலிருந்து உவரி வழியாகத் தெற்கே போகும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை, மணப்பாட்டில் கால் வைத்ததுமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெனால்ட்டி ஷூட்அவுட் வரை போனால் ஆட்டம் அரை மணி நேரம் நீளும், பஸ் நிற்காது. நடந்து திரும்புகிறவர்கள் தலையில் மாட்டுகிற டார்ச் விளக்கு கொண்டு போங்கள். கையில் பிடிக்கிற டார்ச் இருந்தால் கை வீச முடியாது, கை வீசாமல் மணலில் நடக்க முடியாது. வெளிச்சத்தைக் காலடியில் போடாமல் நாலடி தள்ளிப் போடுங்கள், கயிறும் பள்ளமும் முன்கூட்டியே தெரியும்.

உவரியில் ஆட்டம் என்றால் இதே கணக்குத்தான், தூரமும் கிட்டத்தட்ட இதேதான். ஆனால் கடல் இடப்பக்கம், கச்சான் போகும்போதே எதிர்முகம். அந்தோணியார் கோயிலுக்குக் கூட்டம் வருகிற செவ்வாய்க்கிழமை ஆட்டம் வைத்தால் திரும்புகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.