வீடுகளிலும் வாடகைக் குடியிருப்புகளிலும் மின்சாரக் கம்பித் தொடர்புகளைப் பரிசோதித்தல்

பைக்காராவில் 1932-ஆம் வருஷத்திலும், மேட்டூரில் 1937-ஆம் வருஷத்திலும், பாபநாசத்தில் 1944-ஆம் வருஷத்திலும் நீர்வலியினின்று மின்சாரம் உண்டாக்கத் தொடங்கியதன் பயனாய், நமது கிணறுகளிற் கமலைகள் ஓய்ந்து மோட்டார்கள் வந்தன. கொட்டகைக்கு வந்த கம்பி வீட்டிற்கும் வந்தது. இன்று மின்விளக்கில்லாத வீட்டைக் கிராமத்திற் காண்பதரிது. ஆயினும் வருஷந்தோறும் வண்டியச்சுக்கு மை போட்டு, வரப்புக்கு மண் அணைத்து, கூரையைக் காலத்தில் மாற்றி வேயும் குடியானவர், ஒருமுறை சுவரில் ஏற்றிய மின்சாரக் கம்பியைப் பின்னர் ஏறிட்டும் பார்ப்பதில்லை. முப்பது வருஷங்களுக்கு முன் நான்கு விளக்குகளுக்கும் ஒரு விசிறிக்குமாகப் போட்ட கம்பியிலேயே, இப்பொழுது குளிர்பெட்டி, கிரைண்டர், வெந்நீர் ஹீட்டர், சிறு மோட்டார் யாவும் தொடுக்கப்பட்டிருக்கின்றன.

வீடுகளுக்கு வரும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட்டு. மனித தேகத்தின் வழியே ஓர் ஆம்பியரில் ஆயிரத்திலொரு பங்காகிய 1 மில்லி ஆம்பியர் ஓடினாற் சுருக்கென்று தெரியும். 10 மில்லி ஆம்பியர் அளவிற் கைத்தசைகள் இறுகிப் பிடித்ததை விட முடியாமற் போகும். 30-க்கு மேற்பட்டுச் சற்று நேரம் ஓடினால் இருதயத்தின் துடிப்பு நிலைகுலையக்கூடும். 15 வாட் சிறு விளக்கு எரிவதற்கு வேண்டிய ஓட்டமோ சுமார் 65 மில்லி ஆம்பியர். ஈரக் காலுடன் ஈரத் தரையில் நிற்பவனது தேகத்தின் தடை ஏறக்குறைய 1,000 ஓம் என்று கொண்டால், அவன்மீது 230 மில்லி ஆம்பியர் பாய இடமுண்டு.

பியூஸ் இருக்கிறதே, அது காக்காதா என்று கேட்பாருண்டு. இதைச் சற்று விரிவாகக் கவனித்தல் வேண்டும். ஒரு மோட்டாரின் உட்கம்பியில் உறை தேய்ந்து, அதன் இரும்பு உடலில் மின்சாரம் பட்டுவிட்டதென வைத்துக்கொள்வோம். எர்த் என்று சொல்லப்படும் பூமித்தொடர்பு அந்த உடலிற் சேர்க்கப்பட்டிருக்கிறது. அவ்வெர்த்துக் குழாயைச் சூழ்ந்த மண்ணின் தடை 20 ஓம் ஆனால், அதன் வழியே இறங்கக்கூடிய ஓட்டம் 230-ஐ 20-ஆல் வகுத்து வரும் பதினொன்றரை ஆம்பியரே. 15 ஆம்பியர் பியூஸ் இதற்கு உருகாது. ஆகவே மோட்டாரின் உடலில் ஏறக்குறைய முழு அழுத்தமும் நின்றுகொண்டிருக்கும். யாரேனும் ஈரக் கையால் தொடும் வரையில் ஒருவருக்கும் தெரியாது. பியூஸ் கம்பி அடிக்கடி போகிறதென்று தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அவ்விடங்களில் எர்த் நன்றாயிருப்பினும் பயனில்லை. கம்பி சூடேறிக் கூரையைப் பற்றுவதற்கும் அதுவே வழியாகும்.

எர்த் சரியாயிருக்கிறதா என்று அறிய, கம்பி வேலை செய்வோரிற் சிலர் மின்கம்பிக்கும் எர்த்துக்குமிடையே 100 வாட் விளக்கொன்றைத் தொடுத்து, அது பிரகாசமாய் எரிந்தால் எர்த் நல்லதென்று சொல்லிவிடுகின்றனர். இச்சோதனையை நம்பலாகாது. 100 வாட் விளக்கு இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. 20 ஓம் தடையில் அவ்வோட்டத்தால் இழக்கப்படும் அழுத்தம் சுமார் 9 வோல்ட்டே. விளக்கு பழுதின்றி எரியும், எர்த்தோ மேற்கூறியபடி உயிரைக் காக்கப் போதாததாயிருக்கும். விளக்கு மங்கினால் எர்த் மிகக் கெட்டதென்று நிச்சயிக்கலாம். பிரகாசித்தால் ஒன்றும் நிச்சயமில்லை. எர்த்தின் தடையை அளப்பதற்கென்றே கருவியுண்டு. அக்கருவி கொண்டு வரும்படி கேட்பது வீட்டுக்காரரின் உரிமை.

இக்குறையை நீக்க இக்காலத்தில் ஆர்.சி.டி. என்றும் இ.எல்.சி.பி. என்றும் வழங்கும் சாதனம் கிடைக்கிறது. போகிற ஓட்டமும் திரும்புகிற ஓட்டமும் சமமாயிருக்கும் வரையில் இது சும்மா இருக்கும். இடையில் 30 மில்லி ஆம்பியர் அளவு கசிந்து பூமிக்குச் சென்றால் உடனே தொடர்பைத் துண்டிக்கும். எர்த்தின் தடை 20 ஓம் ஆனாலென்ன, 200 ஓம் ஆனாலென்ன, இது வேலை செய்யும். எனினும் ஒருவர் இரு கைகளாலும் மின்கம்பியையும் நியூட்ரல் கம்பியையும் தொட்டால், இது அவரை விளக்கென்றே எண்ணிக்கொள்ளும். இதன் முகத்திலுள்ள சோதனைப் பொத்தானை மாதமொருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழாத சாதனம் இருந்தும் இல்லாததே.

இனி வீட்டுக்காரர் தாமே பார்க்கத்தக்கவை. மெயின் சுவிட்சை நிறுத்திய பின்னரே எதையும் தொட வேண்டும். பிளக்குத் துளைகள் கருகியிருத்தல், சுவிட்சுப் பலகை கைக்குச் சூடாயிருத்தல், எலி கடித்த உறை, துணி சுற்றிய ஒட்டு, கரையான் ஏறிய மரச்சட்டம் ஆகியவை கண்ணுக்கே தெரிவன. துணியுலர்த்தும் இரும்புக் கம்பியை, மின்கம்பி வீட்டினுள் நுழையுமிடத்துக் குழாயிலேனும் தாங்கு கம்பியிலேனும் கட்டியிருந்தால் அன்றே அவிழ்த்துக் கயிறு கட்டுக. நியூட்ரல் போய்விட்டதென்று எர்த்தில் விளக்கைத் தொடுத்து எரிப்பது பெருங்கேடு. எர்த்துக் கம்பி எங்கேனும் அறுந்தால், அதனோடு சேர்ந்த குளிர்பெட்டி முதலியவற்றின் உடல்களிலெல்லாம் மின்சாரம் ஏறிவிடும்.

மற்றவை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரும் தகுதிச் சான்று பெற்ற வயர்மேனும் செய்ய வேண்டியவை. உறையின் தரத்தை மெக்கர் என்னும் கருவியால் 500 வோல்ட்டு அழுத்தங் கொடுத்துச் சோதிப்பர். 1 மெகா ஓமுக்குக் குறைந்து காட்டினாற் பழுதுள்ள பகுதியைக் கண்டுபிடித்து மாற்ற வேண்டும். எப்பொழுது சோதிப்பதென்பதிலும் ஒரு நுட்பமுண்டு. எர்த்தைச் சித்திரை வைகாசியில் அளக்க வேண்டும். மண் உலர்ந்திருக்கையில் நன்றாயிருப்பது மழைக்காலத்திற் கெடாது. கம்பியின் உறையையோ ஐப்பசி கார்த்திகையிற் சுவர் ஈரமேறியிருக்கும்போது பார்த்தல் நலம். செம்மண் சரளை நிலத்தில் எர்த்துக் குழி கோடையில் விரைவில் உலருமாதலால், அதற்கு நீர் வார்ப்பதையும் பாய்ச்சல் முறையோடு சேர்த்துக்கொள்ளலாம். அக்குழியண்டை மாடு கட்டலாகாது. கசிவு ஏற்பட்டகாலத்து முன்காலும் பின்காலும் அகன்று நிற்கும் கால்நடைக்கு மனிதரினும் அபாயம் மிகுதி.

வாடகைக்கு விட்ட வீடுகளைப்பற்றித் தனியே சொல்ல வேண்டும். பள்ளி ஆசிரியருக்கு விட்ட மாடியறையாயினும், கோழிப்பண்ணைத் தொழிலாளருக்கு விட்ட தகரக் கொட்டகையாயினும், அங்கு குடியிருப்போர் சுவரைத் திறந்து பார்க்க அதிகாரமற்றவர். சொந்தக்காரரோ அங்கு வசிப்பதில்லை. இங்கிலாந்தில் 2020-ஆம் வருஷத்து விதிகளின்படி, தனியார் வாடகை வீடுகளைக் குறைந்தது ஐந்து வருஷத்திற்கொருமுறை தகுதியுள்ளவரைக் கொண்டு சோதித்து, அறிக்கையின் பிரதியை 28 நாட்களுக்குள் குடியிருப்போருக்குக் கொடுக்க வேண்டும். நகர்ப்புற வாடகை குறித்த தமிழ்நாட்டின் 2017-ஆம் வருஷத்துச் சட்டம் 2019-ல் அமலுக்கு வந்தது. அதன் அட்டவணை, உள்ளும் வெளியுமான கம்பி வேலையைச் சொந்தக்காரர் பொறுப்பிலும், சுவிட்சு பிளக்குப் பழுதுகளைக் குடியிருப்போர் பொறுப்பிலும் வைக்கிறது. இப்பிரிவினை நியாயமானதே. ஆனால் மீண்டும் மீண்டும் கருகும் பிளக்கு சுவரினுள்ளிருக்கும் கம்பியின் பழுதையுங் காட்டக்கூடுமாகையால், குடியிருப்போர் சொல்லுங்கால் சொந்தக்காரர் வாடகைக் கணக்கைப் பேசிக்கொண்டிராமல் ஆளனுப்பிப் பார்த்தல் வேண்டும். ஆள் மாறும்பொழுது வெள்ளையடிப்பதற்கு முன் கம்பியைச் சோதித்துவிடுவது செலவு குறைந்த வழி. பம்பு செட்டிற்கென அளிக்கப்பட்ட இணைப்பிலிருந்து தொழிலாளர் குடிசைக்குக் கம்பி இழுப்பது சட்டத்திற்கும் மாறானது. அதைச் செய்தவர் எர்த்தையும் உடன் இழுத்திருப்பது அரிது.

கிராம நிர்வாக அதிகாரிகளும் ஊராட்சியாரும் சத்துணவுக் கூடம், பள்ளி, குடிநீர் மோட்டார் அறை ஆகியவற்றை இவ்வாறே பார்வையிடச் செய்யலாம். மின்வேலிகளையும் கவனிக்க வேண்டும்: 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோதமான மின்வேலியில் மூன்று யானைகள் மாண்டன. காட்டுப்பன்றிக்கென்று கட்டிய கம்பி, இரவில் மடை திருப்ப வரும் அயல் நிலத்துக்காரரையும் அறியாது. மின்சாரத்தால் மனிதரேனும் கால்நடையேனும் மாண்டவிடத்து, 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 161-ஆம் பிரிவின்படி மின் ஆய்வாளருக்கு அறிவிப்புச் செல்ல வேண்டும். அவ்விடத்துக் கம்பிகளை அவர் வருமுன் கலைக்காதிருக்கச் செய்வது அதிகாரிகளின் கடமை.

சோதனை முடிந்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, சோதித்தவரின் உரிம எண், எர்த்தின் தடை எத்தனை ஓம், உறையின் தடை எத்தனை மெகா ஓம், மாற்றிய பொருள்கள் இன்னவை என்று எழுதி, மீட்டர்ப் பெட்டியருகே வைத்திருக்க வேண்டும். சென்ற முறை 6 ஓம் இருந்த எர்த் இம்முறை 14 ஆனால், குழாய் துருவேறுகிறதென்றோ குழி வறண்டதென்றோ அப்புத்தகத்தினின்றே தெரிந்துகொள்ளலாம்.