வளவு கூட்டாதவள் சோம்பேறியா?

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் ஒரு வீட்டின் மானம் வளவு மணலில்தான் எழுதப்படுகிறது. விடியமுன் எழும்பி, ஈர்க்கு விளக்குமாற்றை இழுத்தபடி பின்னால் பின்னால் நடந்து கூட்டினால் வெள்ளை மணலில் பிறை பிறையாகக் கோடு விழும். படலைக்கு வெளியே போகிறவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்தே வீட்டுக்காரியை எடைபோட்டுவிடுவார்கள். கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் மாவிலையும் வேப்பஞ்சருகும் ஒரு கிழமை அள்ளாமல் கிடந்தால் போதும், பேச்சு தொடங்கிவிடும்: "அவளுக்கு ஒண்டுமில்லகா, சோம்பல்தான். வளவப் பாத்தாத் தெரியாதா?"

கல்யாண வீட்டில், கோயில் திருவிழாவில், கிளினிக் வாங்கில், பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் இடத்தில் என்று இந்தப் பேச்சு கேட்காத இடமில்லை. செத்த வீடென்றால் 31ஆம் நாள் வரை பொறுப்பார்கள். அதற்குப் பிறகு, புருசனைப் பறிகொடுத்தவளின் குசினியில் கழுவாத சட்டி கிடந்தாலும் அதே தீர்ப்புத்தான். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. மாமி சொல்வார், மச்சாள் சொல்வாள், கூடப்பிறந்த அக்காவே சொல்வாள். அதனால்தான் அது ஆழமாகத் தைக்கிறது.

இந்த நம்பிக்கை பொய். சோம்பலும் இயலாமையும் வெளியே ஒன்றுபோலத் தெரியலாம். உள்ளே இரண்டும் வேறு. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பத்தாவது பதிப்பு மனச்சோர்வு நோய்க்கு மூன்று முதன்மை அறிகுறிகளைச் சொல்கிறது: தாழ்ந்துபோன மனநிலை, எதிலும் ஈடுபாடு அற்றுப்போதல், உடல் வலு குறைந்து சிறு வேலைக்கே களைத்துப்போதல். மூன்றாவதைக் கவனிக்க வேண்டும். களைப்பு இந்த நோயின் பக்க விளைவு அல்ல, நோயின் ஒரு பகுதியே அதுதான். அழுதுகொண்டிருப்பவளுக்கு மட்டுமே மனவருத்தம் என்று நினைக்கிறவர்களுக்கு, அழாமல், பேசாமல், சட்டி கழுவாமல் உட்கார்ந்திருப்பவள் சோம்பேறியாகத் தெரிகிறாள்.

அப்படி ஒரு வீட்டை நினைத்துப் பார்க்கலாம். கிணற்றடியில் ஒரு பேசின். அதற்குள் முந்தநாள் ஊறப்போட்ட பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை இரண்டும் ஒரு சாரமும். சவர்க்கார நுரை அடங்கித் தண்ணீர் சாம்பல் நிறமாகிவிட்டது, புளித்த வாடையும் வருகிறது. அந்தத் தாய் இரண்டு தரம் கிணற்றடிக்குப் போய்த் திரும்பிவிட்டாள். மூன்றாம் தரம் குந்தியிருந்து, நாளைக்குப் பிள்ளைக்குத் தேவையான ஒரு சட்டையை மட்டும் எடுத்துக் கசக்கி, அலசி, கொடியில் போடுகிறாள். மற்றவை பேசினுக்குள்ளேயே கிடக்கின்றன. பார்க்கிறவர் கண்ணுக்குப் படுவது அந்த மிச்சம். அந்த ஒரு சட்டைக்கு அவள் சேர்த்த வலு யார் கண்ணுக்கும் படுவதில்லை. சோம்பேறி என்றால் வேலையை விட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்பாள். இவளுக்குப் படுத்தாலும் அந்தப் பேசின்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

மனம் மட்டுமே காரணம் என்றும் இல்லை. இரத்தச்சோகை, தைரொயிட் சுரப்பிக் குறைபாடு, கட்டுப்படாத நீரிழிவு, பிள்ளை பெற்ற பிறகு வரும் மனச்சோர்வு எல்லாம் இதே முகத்தைத்தான் காட்டும். மாதாந்தப் போக்கு அதிகமாகி இரும்புச்சத்து வடிந்துபோன பெண் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குவாள். ஒரு சிறு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடுகிற விசயத்தை வருசக்கணக்காகக் குணக்கேடு என்று பேசிக்கொண்டிருப்பது பெரும் அநியாயம்.

அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில், கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் குடும்பங்களைச் சேர்ந்த 60 பேரிடம், தங்கள் வீட்டைத் தாங்களே சுற்றிக்காட்டிப் பேசச் சொல்லி ஓர் ஆய்வு நடந்தது. டார்பி சக்ஸ்பி, ரீனா ரெப்பெட்டி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2010இல் அதை வெளியிட்டார்கள். சாமான் குவிந்து கிடக்கிறது, வேலை முடியாமல் கிடக்கிறது என்று சொல்லிச் சொல்லி வீட்டைக் காட்டிய மனைவிமாருக்கு, பொழுதுபடக் குறைய வேண்டிய கோர்டிசோல் என்ற சுரப்பு குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை. அதே நாளுக்குள் நேரம் போகப் போக மனமும் தாழ்ந்தது. தாறுமாறாகக் கிடக்கும் வீட்டால் முதலில் நோவது அந்த வீட்டுக்காரியின் உடம்பு. அவளுக்கு அது உறைக்கவில்லை என்று ஊர் சொல்வது பச்சைப் பொய்.

ஏன் அவளுக்கு மட்டும்? மட்டக்களப்பில் இந்தக் கேள்வி மற்ற ஊர்களை விடக் கூர்மையானது. இங்கே வீடு பெண்ணுக்குரியது. தமிழர் வீட்டிலும் சரி, காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம் வீட்டிலும் சரி, மகளுக்குச் சீதனமாக வீட்டைக் கொடுத்து, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழ்வதே வழமை. அக்கரைப்பற்றில் 1969 முதல் கள ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பெண்ணுக்கு இவ்வளவு பலம் தரும் வழமை அதிகம் இல்லை, பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் வீடு அவளுடையது என்பதால் வீட்டு ஊத்தையும் அவளுடையது என்று ஆகிவிட்டது. புருசன் கழற்றிப் போட்ட சேட்டு கதிரையில் கிடந்தால் அதற்கும் அவளைத்தான் சொல்வார்கள்.

2004 டிசம்பர் 26 அந்தப் பலத்தையும் அசைத்தது. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்த நாவலடியைச் சுனாமி வாரிக்கொண்டு போனது. கல்லடிக் கரையோரம் சிதைந்தது. உயிர் தப்பியவர்களில் பலர் திராய்மடுப் பக்கம் குடியேற்றப்பட்டார்கள். புதிய வீட்டுக்கு அரசு வைத்த குறைந்தபட்ச அளவு 500 சதுர அடி. பல இடங்களில் வீட்டை 'குடும்பத் தலைவர்' என்று ஆணின் பெயரில் பதிந்தார்கள். உறுதியில் பெயர் மாறியது, விளக்குமாறு மட்டும் கை மாறவில்லை. பழைய வளவில் ஒரு மூலையில் கொட்டில் போட்டு விறகு, வலை, நெல் மூட்டை, தேங்காய் எல்லாம் வைத்த குடும்பத்துக்கு இப்போது இரண்டு அறையும் ஒரு விறாந்தையும். மகளைக் கட்டிக்கொடுத்தால் மருமகனும் அதற்குள்தான். அந்த வீட்டில் சாமான் நிலத்தில் கிடப்பதற்குக் காரணம் தேட வேண்டுமா? வைக்க இடமில்லை, அவ்வளவுதான்.

சுனாமி மட்டுமா? 1978 நவம்பரில் சூறாவளி. பிறகு 26 வருசப் போர். 2007இல் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையே பெயர்ந்து முகாம்களில் கிடந்தது. 2011 ஜனவரியில் வெள்ளம். ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண் தன் வாழ்நாளில் எத்தனை தரம் வீட்டை விட்டு ஓடியிருப்பாள், எத்தனை தரம் சேற்றை வழித்துக் கொட்டி மறுபடி அடுப்பு மூட்டியிருப்பாள் என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சோம்பல் என்ற சொல்லை வாயில் எடுக்கட்டும்.

அந்தச் சொல் செய்கிற கேடு இன்னொன்றும் உண்டு. பழி கேட்கக் கூடாதென்று அவள் முன்கதவைச் சாத்துகிறாள். ஆட்கள் வந்தால் விறாந்தையிலேயே இருத்திப் பேசி அனுப்புகிறாள். பிறகு யாரையும் கூப்பிடுவதுமில்லை. சோம்பலுக்கு மருந்தில்லை என்று அவளே நம்பிவிடுவதால் ஆஸ்பத்திரிக்கும் போவதில்லை. இரண்டு கிழமைக்கு மேல் இப்படி இருந்தால் அது வைத்தியரிடம் காட்ட வேண்டிய விசயம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். நேரில் போகக் கூச்சப்படுகிறவளுக்காக அக்காவோ மச்சாளோ அந்த அழைப்பை எடுக்கலாம். வளவைப் பார்த்துப் பேசுகிற வாய்க்கு அது நல்ல வேலை.

இரண்டாவது நம்பிக்கை வீட்டுக்காரியே சொல்வது: "மனம் வரட்டும், எல்லாத்தையும் ஒரேயடியாச் செய்வம்." மனம் முதலில் வரும், கை பிறகு அசையும் என்று எல்லோரும் நினைக்கிறோம். சோர்ந்திருக்கும் காலத்தில் நடப்பது மறுவளம். அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சனும் அவர் சகாக்களும் 1970களில் இருந்தே இதைச் சொல்லி வந்தார்கள்: சிறு செயல் முதலில், மனம் அதன் பின்னால். நமக்குப் பக்கத்திலேயே, இந்தியாவின் கோவாவில், பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வோடு இருந்த 495 பேரிடம் இது பரிசோதிக்கப்பட்டது. ஆறிலிருந்து எட்டு அமர்வுகள். நடத்தியவர்கள் வைத்தியர்கள் அல்லர், பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண ஆட்கள். மூன்று மாதம் கழித்து, இந்த உதவி கிடைத்தவர்களில் 64 வீதமானோருக்கு நோய் தணிந்திருந்தது. வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களில் 39 வீதம். 2017இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு இது.

வீட்டு வேலையில் இதன் பொருள் மிகச் சின்னது. முழு வீட்டையும் நினைக்காமல், நாளைக் காலையில் தேநீர் வைக்கத் தேவையான கேத்தலையும் இரண்டு கோப்பையையும் மட்டும் கழுவி வைப்பது. கதிரையில் மலையாகக் கிடக்கும் உடுப்பில் பிள்ளைகளின் உடுப்பை மட்டும் பிரித்தெடுப்பது. பத்து நிமிசம் முடிந்தால் நிறுத்திவிடலாம், மிச்சம் கிடக்கட்டும். நேர ஒழுங்கும் உதவும்: மனம் சொன்னபோது என்று விடாமல், தேநீர் குடித்த கையோடு என்று வைத்துக்கொண்டால் வேலை தொடங்குவது லேசாகும். நோய் கடுமையாக இருந்தால் இதையும் தனியே செய் என்று அவளிடம் சொல்லக்கூடாது. பக்கத்தில் ஒருவர் நின்று கூடச் செய்ய வேண்டும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. விளக்கு வைத்த பிறகு கூட்டினால் இலட்சுமி போய்விடுவாள் என்பது குப்பி விளக்கு வெளிச்சத்தில் தோட்டையும் மூக்குத்தியையும் குப்பையோடு அள்ளிவிடாமல் இருப்பதற்குப் பொருந்திய எச்சரிக்கை. கடையிலும் தையல் ஆலையிலும் வேலை முடித்து ஆறு மணிக்கு வீடு வருகிற பெண்ணுக்கு வேறு நேரமே இல்லை. மின்விளக்கைப் போட்டுக் கூட்டட்டும். பெரிய பிளாஸ்டிக் பெட்டி வாங்கினால் வீடு ஒழுங்காகும் என்பது கடைக்காரருக்கு மட்டுமே பலன் தரும் நம்பிக்கை.

21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்ற கதை மக்ஸ்வெல் மோல்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை வைத்தியர் 1960இல் எழுதிய புத்தகத்திலிருந்து புறப்பட்டது. புதிய முகம் பழக அவ்வளவு நாளாகும் என்று தன் நோயாளிகளைப் பார்த்து அவர் சொன்னதை ஊர் திரித்துக்கொண்டது. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 என்ற கணிப்பு. இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் ஒன்றும் குடிமுழுகவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. சோர்ந்திருப்பவளுக்கு அதுதான் முக்கியம்.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லாமல் விட முடியாது: டெங்கு ஊத்தை வீட்டுக்குத்தான் வரும் என்ற நம்பிக்கை. 2017இல் இலங்கையில் 186,101 பேருக்கு டெங்கு என்று பதிவானது. அவர்கள் எல்லோரும் கூட்டாத வீட்டுக்காரர்களா? டெங்கு நுளம்பு தெளிந்த தண்ணீரில்தான் விரும்பி முட்டையிடும். சருகு கிடக்கும் மணலில் அதற்கு வேலையில்லை. கண்ணாடிபோல் துடைத்த வீட்டின் சாமி அறைப் பூச்சாடியில், குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தட்டில், எறும்பு ஏறாமல் அலுமாரிக் காலுக்கு வைத்த கிண்ணத்தில், பீலியில், கிணற்றடியில் கவிழ்க்காமல் விட்ட வாளியில் அது பெருகும். மாரி மழை விட்டு வெயில் எறிக்கத் தொடங்கியதும் வளவை மட்டும் கூட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிற வீடுகளில் பிள்ளைகள் காய்ச்சலில் விழுவது வருசா வருசம் நடக்கிறது.

முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். ஆகவே கிழமைக்கு ஒரு தரம் தேங்கிய தண்ணீரைக் கொட்டினால் சுழற்சி அறுந்துவிடும். முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும் என்பதால் பாத்திரத்தின் உட்சுவரைத் தேய்க்கவும் வேண்டும். மட்டக்களப்பில் இதற்கு நாள் தேட வேண்டியதில்லை. பூசைக்காக இந்து வீடுகளும் ஜும்ஆவுக்காக முஸ்லிம் வீடுகளும் வெள்ளிக்கிழமையை ஏற்கெனவே துப்புரவு நாளாக வைத்திருக்கின்றன. வீட்டுக்காரிக்கு உடம்புக்கு ஏலாத வெள்ளிக்கிழமைகளில் வீடு கழுவாமல் கிடக்கலாம், மணலில் கோடு விழாமலும் கிடக்கலாம். புருசன் ஏணி வைத்துப் பீலியைப் பார்க்கட்டும். மூத்தவன் குளிர்சாதனப் பெட்டியை முன்னுக்கு இழுத்துத் தட்டுத் தண்ணீரைக் கொட்டட்டும். சின்னவள் பூச்சாடித் தண்ணீரை மாற்றி, வாளிகளைக் கவிழ்த்து வைக்கட்டும். பத்து நிமிச வேலை.