அஞ்சடியிலிருந்து அட்மிரல்ட்டி வரை: முதுமைக்கேற்ற குடியிருப்பு

முதியோருக்கான வீடு என்றதும் நம் நினைவுக்கு வருபவை குளியலறைக் கைப்பிடி, வழுக்காத தரை, சக்கர நாற்காலி நுழையும் அகலக் கதவு ஆகியவையே. இவை தேவைதான். எனினும், கட்டடக்கலை பயிலும் மாணவன் என்ற முறையில் நான் வேறொரு கேள்வியை முதன்மையானதாகக் கருதுகிறேன். வாசலைத் தாண்டும் முதியவர் யாரைச் சந்திக்கிறார்? அச்சந்திப்புக்கு அவர் எவ்வளவு தூரம் செல்ல வேண்டியுள்ளது? இக்கேள்விக்கு விடை தராத வீடு, எத்தனை வசதிகள் கொண்டிருந்தாலும் முதுமைக்கு ஏற்ற வீடாகாது.

மலேசியாவில் 60 வயதை எட்டியவர் மூத்த குடிமகனாகக் கருதப்படுகிறார். 2030-ஆம் ஆண்டில் நம் மக்கள்தொகையில் 15 விழுக்காட்டினர் இவ்வயதினராக இருப்பர் எனக் கணிக்கப்பட்டுள்ளது. ஆகவே, இது தொலைவில் உள்ள சிக்கலன்று. நம் பெற்றோரின் சிக்கல்.

படிகளின் கணக்கு

நம் நாட்டின் பழைய மலிவுவிலை அடுக்குமாடிகளில் ஐந்து மாடி கொண்டவை பல. அவற்றில் பெரும்பாலும் மின்தூக்கி இருப்பதில்லை. ஒரு மாடியின் உயரம் 2.8 மீட்டர், ஒரு படியின் உயரம் 17.5 சென்டிமீட்டர் எனக் கொண்டால், ஒரு மாடிக்கு 16 படிகள். தரைத்தளத்திலிருந்து மேல்மாடியை அடைய நான்கு முறை ஏற வேண்டும். ஆக 64 படிகள். இளைஞருக்கு இது பொருட்டன்று. மூட்டுவலியுள்ள 70 வயதுப் பாட்டிக்கோ, கடைக்கும் கோயிலுக்கும் மருந்தகத்திற்கும் போய்வரும் ஒவ்வொரு முறையும் 128 படிகள். அவருடைய நாளில் முதலில் நின்றுபோவது கோயில். அடுத்து அக்கம்பக்கத்துப் பேச்சு. வீடு அவருக்குப் பாதுகாப்பாக இருக்கிறது. ஆனால் சிறையாகவும் ஆகிவிடுகிறது.

தோட்டம் தந்த பாடம்

தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நம்மவரில் பலர் இத்தகைய அடுக்குமாடிகளுக்கே இடம்பெயர்ந்தனர். புத்ராஜெயா உருவானபோது பிராங் பெசார் முதலிய தோட்டங்களின் குடும்பங்கள் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாறியது ஓர் எடுத்துக்காட்டு.

லயத்து வாழ்க்கையைப் புகழ்வது என் நோக்கமன்று. இடநெருக்கடியும் பொதுக்குழாய்க் காத்திருப்பும் யாரும் ஏங்கத்தக்கவை அல்ல. ஆயினும் அதன் அமைப்பில் ஒரு நன்மை இருந்தது. அஞ்சடியில் அமர்ந்தாலே போதும். வேலைக்குப் போவோரும் பள்ளிவிட்டு வருவோரும் ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் கடப்பார்கள். வெட்டுக்காட்டில் வேலை செய்ய இயலாத மூதாட்டிகள் ஆயாக்கொட்டகையில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார்கள். முதியவர் பிறரைத் தேடிப் போகவில்லை. பிறர் அவர் வழியே சென்றனர். அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தபோது நல்ல கூரையும் வீட்டுக்குள் குழாயும் கிடைத்தன. அஞ்சடியை மட்டும் யாரும் வரைபடத்தில் சேர்க்கவில்லை.

ஒரே கூரையின் கீழ்

அந்த அஞ்சடியைப் பன்மாடிக் கட்டடத்திற்குள் கொண்டுவர முடியும் என்பதற்குச் சிங்கப்பூரின் கம்போங் அட்மிரல்ட்டி சான்றாக நிற்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திற்காக வோஹா கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்த இக்கட்டடம் 2018-இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடமாகத் தேர்வுபெற்றது.

நிலத்தின் பரப்பு 0.9 ஹெக்டர் மட்டுமே. அதில் தனித்தனிக் கட்டடங்களாக எழுப்பாமல், எல்லாவற்றையும் அடுக்கடுக்காக வைத்துள்ளனர். தரைத்தளத்தில் திறந்த பொதுமன்றம். அதற்கு மேல் அங்காடி உணவு நிலையம். அதற்கும் மேல் மருத்துவ நிலையம். உச்சியில் படிப்படியாக உயரும் பூங்கா. 11 மாடி கொண்ட இரு கட்டடங்களில் 104 முதியோர் வீடுகள் உள்ளன. குழந்தைப் பராமரிப்பு நிலையமும் முதியோர் நடவடிக்கை மையமும் அருகருகே அமைந்துள்ளன. இதைப் படித்தபோது எனக்கு ஆயாக்கொட்டகைதான் நினைவுக்கு வந்தது. வீட்டு வாசல்களுக்கு அருகே, அண்டை வீட்டார் சேர்ந்து அமர இருக்கைகளும் போடப்பட்டுள்ளன. மருத்துவரைக் காணவோ உணவு வாங்கவோ மின்தூக்கியில் இறங்கினாலே போதும். சாலையைக் கடக்க வேண்டியதில்லை.

பசுமையும் உறவும்

இங்குப் பசுமை என்பது அழகுக்காக ஒட்டப்பட்டதன்று. மேல்தளங்களே பொதுமன்றத்திற்கு நிழல் தருகின்றன. பக்கங்கள் திறந்திருப்பதால் காற்று ஊடுருவுகிறது. குளிரூட்டி இல்லாமலேயே வெயிலிலும் மழையிலும் மக்கள் கூடலாம். சேகரிக்கப்படும் மழைநீர் செடிகளுக்குப் பாய்கிறது. கூரையில் உள்ள தோட்டத்தில் குடியிருப்பாளர்கள் பயிரிடுகிறார்கள். மின்சாரத்தையும் நீரையும் சேமிக்கும் அதே ஏற்பாடு மனிதரையும் வெளியே வரவழைக்கிறது. நிலைத்தன்மையும் உறவும் தனித்தனிப் பாடங்கள் அல்ல என்பதை நான் இங்குதான் தெளிவாகக் கண்டேன்.

நம்மால் இயன்றவை

இத்தகைய கட்டடத்தை எல்லா ஊரிலும் எழுப்ப இயலாது. மேலும், 104 வீடுகள் ஒரு நாட்டின் முதுமைக்குப் போதா. எனவே, இருக்கும் கட்டடங்களைத் திருத்துவதே பெரும்பணி. சிங்கப்பூர் இதையும் செய்துள்ளது. சில மாடிகளில் மட்டும் நின்ற மின்தூக்கிகளை எல்லா மாடிகளிலும் நிற்கச் செய்யும் மேம்பாட்டுத் திட்டம் 2001-இல் தொடங்கப்பட்டது. பழையதை இடிக்காமல் பயன்படுத்துவதும் நிலைத்தன்மையே.

மின்தூக்கி வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு மாடிப்படித் திருப்பத்திலும் ஓர் இருக்கை வைக்கலாம். தரைத்தள வீடு காலியாகும்போது மேல்மாடி முதியவருக்கு முன்னுரிமை தரலாம். நுழைவாயிலில் 15 சென்டிமீட்டர் உயரப் படி இருந்தால், 1:12 என்ற சரிவு விகிதப்படி 1.8 மீட்டர் நீளச் சாய்தளம் போதும். குனிய முடியாதவர் கீரை பயிரிட, இடுப்பளவு உயரப் பாத்திகள் அமைக்கலாம். தரைத்தளத்தில் ஒரு கூடத்தைப் பகலில் முதியோருக்கும் மாலையில் மாணவர் வகுப்புக்கும் ஒதுக்கினால், இரு தலைமுறைகளும் ஒரே வாசலில் சந்திக்கும்.

நம் தமிழ்ச் சங்கங்கள் அடுக்குமாடிகளில் டியூஷன் வகுப்புகள் நடத்துகின்றன. அடுத்த முறை செல்லும்போது மாணவர்களை மட்டும் கணக்கெடுக்காமல், மேல்மாடிகளில் இறங்க முடியாமல் இருக்கும் முதியவர்கள் எத்தனை பேர் என்றும் கணக்கெடுப்போம். அப்பட்டியலோடு குடியிருப்புச் சங்கத்தை அணுகி, முதலில் எந்த மாடித் திருப்பத்தில் இருக்கை வேண்டும் என்று கேட்போம். திட்டமிடல் அங்கிருந்து தொடங்கட்டும்.