பின்னிருக்கைக்கும் பட்டை உண்டு

தருமபுரியிலிருந்து சேலம் செல்வோர் தொப்பூர்க் கணவாயை நன்கறிவர். வளைவும் நெடிய இறக்கமும் உடைய அவ்விடத்தில், பிரேக் பிடிக்காத லாரிகள் முன்செல்லும் ஊர்திகள்மீது மோதிப் பல உயிர்களைப் பறித்துள்ளன. பின்னால் வரும் லாரி நம் வசத்தில் இல்லை. இருக்கைப்பட்டை நம் வசத்தில் உள்ளது.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் எதிலேனும் மோதித் திடீரென நின்றால், உள்ளிருப்பவர் உடல் நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் வேகத்தில் முன்னோக்கிப் பாயும். 1959இல் வால்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்த மும்முனைப் பட்டை, அவ்விசையை இடுப்பெலும்பு, மார்பு, தோள் ஆகியவற்றின்மீது பகிர்ந்து உடலைத் தடுத்து நிறுத்துகிறது.

பின்னிருக்கையில் இருப்போருக்கு அது வேண்டியதில்லை என்பது பெரும் மயக்கம். 2022 செப்டம்பரில் மராட்டிய மாநிலம் பால்கர் அருகே விபத்தில் மறைந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி, பின்னிருக்கையில் பட்டையின்றி அமர்ந்திருந்தவரே. முன்னிருக்கையினர் இருவரும் பிழைத்தனர். பட்டை அணியாமைக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 1,000 ரூபாய் தண்டம் விதிக்கிறது. எனினும் நம் கார்கள் பலவற்றில் பின்பட்டை இருக்கை உறைக்கடியில் புதைந்தே கிடக்கிறது.

மாணவச் செல்வங்களே! வீட்டுப் பெரியோரை நாம் அமர்த்துவது பின்னிருக்கையில்தான். அப்பட்டையை வெளியே எடுத்து அவர்களுக்கு மாட்டிவிடுங்கள். அது மரியாதைக் குறைவன்று. அவர்களுக்கு நாம் ஆற்றவேண்டிய கடமையாகும்.