ரப்பர் சுத்தினா பறக்கும் விமானம்



அரையாண்டு லீவுல எங்க சித்தப்பா ஒரு டப்பா வாங்கிட்டு வந்தார். மேலே அழகான விமானப் படம். ஆனா உள்ளே விமானமே இல்லை! நாலஞ்சு மெல்லிய மரத் தகடு, ஈர்க்குச்சி மாதிரி கொஞ்சம் குச்சி, மடிச்சு வெச்ச டிஷ்யூ பேப்பர், ஒரு பிளாஸ்டிக் புரொப்பெல்லர், ஒரு ரப்பர் நாடா, பெரிய வரைபடம் ஒண்ணு. "ஒட்டி முடிச்சா பறக்கும்டா" என்றார். லீவு பத்தலை, பள்ளி திறந்தும் ஒரு வாரம் ஆச்சு. முதல் நாள் பறக்கவிட்டப்போ மூணு வினாடிகூட நிக்காம தரையில குத்திக்கிச்சு. ஏன் குத்துச்சு, எப்படிச் சரி செஞ்சேன்னு சொல்றதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

அதுக்கு முன்னாடி ஒருத்தரைப் பத்திச் சொல்லணும். பிரான்ஸ் நாட்டு அல்போன்ஸ் பெனோ. 1871ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் தேதி, பாரிஸ் நகரத்து டுயிலரி தோட்டத்தில் முறுக்கிய ரப்பரால் ஓடும் ஒரு சின்ன விமானத்தை எல்லார் முன்னாடியும் பறக்கவிட்டார். 11 வினாடி பறந்துச்சு. ரைட் சகோதரர்கள் பறந்தது 1903இல். 32 வருஷம் முன்னாடியே இவர்! ரைட் சகோதரர்களுக்கு 1878இல் அவங்க அப்பா வாங்கித் தந்த பொம்மை ஹெலிகாப்டரும் பெனோ கண்டுபிடிச்ச வகைதான், அதுவும் ரப்பர்தான். பாவம், ஆள் ஏறிப் பறக்கும் பெரிய விமானம் கட்ட அவருக்குப் பணம் கிடைக்கலை. 1880இல் 30 வயசிலேயே இறந்துட்டார்.

டப்பாவில் இருக்கிற மரத்துக்குப் பேரு பால்சா. தென் அமெரிக்காவில், முக்கியமா ஈக்குவடார் நாட்டில் விளையுது. ஒரு கன மீட்டர் பால்சா சுமார் 160 கிலோ. அதே அளவு தேக்கு அதைப் போல நாலு மடங்கு இருக்கும். லேசுன்னு கேவலமா நினைக்காதீங்க. இரண்டாம் உலகப் போரில் பறந்த மாஸ்கிட்டோ விமானத்தின் உடம்பே பிளைவுட் நடுவில் பால்சா வைத்துச் செய்ததுதான்.

சரி, செய்முறை. வரைபடத்தைத் தெர்மோகோல் பலகை மேல விரிச்சு, அதுக்கு மேல ஒரு பாலிதீன் தாளைப் போடணும். இல்லைன்னா பசை வழிஞ்சு விமானமும் வரைபடமும் சேர்ந்து ஒட்டிக்கும். தகட்டில் அச்சடிச்ச துண்டுகளைப் புது பிளேடால வெட்டணும். பழைய பிளேடு மரத்தை வெட்டாது, நசுக்கும். நான் அவசரப்பட்டு ஒரு 'ரிப்'பை ரெண்டாக்கிட்டேன். (ரிப் என்றால் இறக்கையின் விலா எலும்பு. இறக்கைக்கு வளைவு கொடுக்கிறது அதுதான்.) மிச்சத் தகட்டில் இன்னொன்று வரைஞ்சு வெட்டிக்கிட்டேன். குச்சிகளைக் கோட்டு மேல வெச்சு ரெண்டு பக்கமும் குண்டூசி குத்தி நிறுத்தணும். குச்சிக்குள்ளேயே குத்தினா பிளந்துடும். பசை ஒரு சொட்டுப் போதும். பசையும் எடைதான்!

இறக்கை நுனி ரெண்டும் கொஞ்சம் மேல தூக்கி இருக்கணும். அடியில தீப்பெட்டி வெச்சு ஒட்டினேன். விமானம் ஒரு பக்கம் சாய்ஞ்சா இந்தத் தூக்கல்தான் தானா நிமிர்த்தும். உள்ளே ஓட்டுறவர் யாரும் இல்லையே!

எலும்புக்கூட்டை உப்புத்தாளால தேய்ச்சு, டிஷ்யூ ஒட்டணும். ஃபெவிகாலைத் தண்ணீர் விட்டுக் கரைச்சுத் தடவினா போதும். பேப்பருக்கும் நார் ஓட்டம் உண்டு. கிழிச்சுப் பாருங்க, ஒரு பக்கம் நேரா கிழியும், மறு பக்கம் கோணலா போகும். நேரா கிழியுற பக்கம் இறக்கையின் நீளத்தோட போகணும். ஒட்டினதும் சுருக்கம் சுருக்கமா அசிங்கமா இருக்கும். பயப்படாதீங்க. தண்ணீரைப் புகை மாதிரி தெளிச்சுக் காயவிட்டா, மேளம் மாதிரி விறைச்சுக்கும்.

இங்கேதான் நான் தப்பு பண்ணேன். தண்ணீர் தெளிச்சு அப்படியே ஜன்னல்ல வெச்சுட்டுத் தூங்கிட்டேன். பேப்பர் சுருங்கும்போது மரத்தையும் சேர்த்து இழுக்கும். காயுற வரைக்கும் பலகையில் குண்டூசியால பிடிச்சு வெச்சிருக்கணும். காலையில பார்த்தா இடது இறக்கை அப்பளம் மாதிரி முறுக்கிக்கிட்டிருந்தது. முதல் நாள் பறந்ததும் இடது பக்கமே திரும்பித் திரும்பிக் குத்தினதுக்கு அதுதான் காரணம். அழுகையே வந்துடுச்சு.

சரி செஞ்சது எங்க அம்மாவோட இட்லிப் பானை! இறக்கையை ஆவியில தள்ளிக் காட்டி, முறுக்குக்கு எதிர்ப் பக்கமா மெதுவா திருப்பி, ஆறுற வரைக்கும் அப்படியே பிடிச்சுக்கணும். மூணு தடவை செஞ்சதும் நேராச்சு.

அப்புறமும் உடனே ரப்பரைச் சுத்தக் கூடாது. இறக்கையின் முன் ஓரத்திலிருந்து மூணுல ஒரு பங்கு தூரத்தில் ரெண்டு விரலால தாங்கிப் பாருங்க, தராசு முள் மாதிரி நிக்கணும். என்னுது வால் பக்கம் தொங்குச்சு, மூக்குக்குள்ள களிமண் வெச்சேன். பிறகு புல்தரையில் சும்மா கையால விட்டுப் பார்க்கணும். மேல எழும்பி, தயங்கி, பொத்துனு விழுந்தா இன்னும் கொஞ்சம் களிமண். நேரா மூக்கால குத்தினா களிமண்ணைக் குறைக்கணும்.

இன்னொரு விஷயம், பதினொன்றாம் வகுப்புக்காரங்க கவனிங்க. நியூட்டன் மூன்றாம் விதி. பின்னாலிருந்து பார்த்தா புரொப்பெல்லர் வலது பக்கமா சுத்துது, அதனால உடம்பு இடது பக்கமா உருளப் பார்க்கும். முறுக்கு நிறைய இருக்கிற முதல் சில வினாடியில்தான் இது அதிகம். அதுக்காகப் புரொப்பெல்லர் அச்சை ரெண்டு மூணு டிகிரி வலப்பக்கமும் கொஞ்சம் கீழேயும் பார்க்க வைக்கிறாங்க. நான் மூக்குக் கட்டை ஓரத்தில் ஒரு தீக்குச்சித் துண்டைச் செருகினேன்.

ரப்பருக்குக் கிளிசரின் தடவினா உராய்வு குறையும், அதிக சுத்து தாங்கும். ஒருத்தர் விமானத்தைப் பிடிக்க, ஒருத்தர் ரப்பரை மூணு மடங்கு நீளம் இழுத்துக்கிட்டு, கைத் துளைப்பான்ல கொக்கி மாட்டிச் சுத்தணும். பாதி சுத்து ஆனதும் சுத்திக்கிட்டே உள்ளே வரணும். வெயில்ல ரப்பரை வைக்காதீங்க, கெட்டுடும்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் மைதானத்தில் விட்டோம். பி.டி. சார்தான் ஸ்டாப் வாட்ச் பிடிச்சார். 14 வினாடி! பெனோவை விட மூணு வினாடி ஜாஸ்தி. (அவருக்கு பால்சாவும் கிடையாது, வரைபடம் தர டப்பாவும் கிடையாது, அதையும் சொல்லிடணும்.)

விமானம் இப்போ இயற்பியல் லேப் அலமாரி மேல இருக்கு. எடுத்துப் பார்க்கலாம். ஆனா இறக்கையைப் பிடிச்சுத் தூக்காதீங்க, பேப்பர் கிழிஞ்சுடும். இறக்கைக்குக் கீழே உடம்பைப் பிடிங்க.